கழித்துப்போட்ட பி.டி.யூ.வுக்கு இரண்டாம் வேலை

சர்வர் அறையில் வேலை பார்த்தவர்களுக்கு பி.டி.யூ. என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சர்வர்களை அடுக்கிவைக்கும் இரும்பு ராக்கில் திருகிவைத்திருக்கும் பவர் பட்டை அது. பார்த்தால் கொஞ்சம் கனமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரிதான் இருக்கும். அப்படி நினைத்துத்தான் பலர் அதை ஸ்கிராப்பில் எடைக்குப் போடுகிறார்கள். ஆனால் அதில் ஒரு வகை உண்டு. உள்ளே ஒரு குட்டிக் கணினி, வெளியே ஈதர்நெட் போர்ட், ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். வேறு எங்கோ உட்கார்ந்துகொண்டு மூன்றாவது சாக்கெட்டை மட்டும் அணைத்துப் போடலாம். இந்த வகைக்கு ‘சுவிட்ச்டு பி.டி.யூ.’ என்று பெயர். இரண்டாம் வேலைக்கு லாயக்கானது இதுதான்.

ஈதர்நெட் போர்ட் இருந்தாலே சுவிட்ச்டு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ‘மீட்டர்டு’ என்று இன்னொரு ரகம் இருக்கிறது. மொத்த மின்னோட்டம் எவ்வளவு என்று நெட்வொர்க்கில் சொல்லும், சாக்கெட்டை அணைக்கத் தெரியாது. முன்பக்கத்தில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி விளக்கு இருந்தால் பெரும்பாலும் அது சுவிட்ச்டு. சந்தேகம் இருந்தால் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

இவை ஏன் குப்பைக்கு வருகின்றன? பழுதாகி வருபவை குறைவு. ஒரு ராக்கில் நிற்கும் சர்வர்களின் மின்பசி கூடிக்கொண்டே போக, 10 ஆம்பியர், 16 ஆம்பியர் பட்டைகளைக் கழற்றிவிட்டு மூன்று ஃபேஸ் பட்டைகளை மாட்டுகிறார்கள். இன்னொரு காரணம் பாதுகாப்புத் தணிக்கை. பட்டைக்குள் இருக்கும் பழைய மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்), தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் எஸ்.எஸ்.எச். முறையின் இரண்டாம் பதிப்பே தெரியாது, அல்லது தெரிந்தும் பழைய குறியாக்க முறைகளோடு நின்றுவிட்டிருக்கும். பரவலாகப் பயன்படும் எஸ்.எஸ்.எச். மென்பொருளான ஓப்பன் எஸ்.எஸ்.எச். 2017-இல் வந்த 7.6 பதிப்போடு எஸ்.எஸ்.எச்.-இன் முதல் பதிப்பை முழுதாக நீக்கிவிட்டது. 2020-இல் பெரிய பிரவுசர்கள் எல்லாம் வலைப்பக்கங்களைப் பூட்டி அனுப்பும் டி.எல்.எஸ். முறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டையும் கைவிட்டன. அதற்குப் பிறகு இந்தப் பட்டையின் வலைப்பக்கத்தைப் பாதுகாப்பான வழியில் திறக்கவே முடியாது. தணிக்கையாளர் சிவப்பு மையில் வட்டம் போடுவார், பட்டை வெளியே போகும். உள்ளே இருக்கும் ரிலேவும் செம்புப் பட்டைகளும் நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டு வயரிங் வேலைக்கு வந்தவர் ஒருவர் என் பட்டையைப் பார்த்துவிட்டு, “எதுக்கு சார் இவ்ளோ கனமான டப்பாவை வெச்சிருக்கீங்க? வைஃபை பிளக் நாலு வாங்கி மாட்டினா முடிஞ்சுது” என்றார். நியாயமான கேள்விதான். மேசை விளக்கு எரியவைக்கவோ மின்விசிறி போடவோ என்றால் வைஃபை பிளக்கே போதும். நான் கட்டுப்படுத்த நினைப்பது ரவுட்டர், மோடம், கோப்புகளை வைத்திருக்கும் சிறு சர்வர், அவ்வப்போது மக்கர் பண்ணும் கேமரா ரெக்கார்டர். இவை தொங்கிப்போகும் நேரத்தில் வைஃபையும் சேர்ந்து போயிருக்கும். ரவுட்டரை எழுப்ப வேண்டிய பிளக் ரவுட்டர் வழியாகத்தான் கட்டளை வாங்கும் என்றால், அந்த ஏற்பாட்டால் என்ன பயன்? இந்த வகைப் பட்டையைச் செய்தவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ யோசித்துத் தீர்த்துவிட்டார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் அதற்குச் சுற்றுவேலை.

முதலில் பெட்டியைச் சோதிப்பது. எங்கோ மூலையில் கிடந்த மின்பொருளைக் கொண்டுவந்து நேராகச் சுவரில் சொருகுவது சரியில்லை. மின் இணைப்பு எதுவும் இல்லாமல் மூடியைத் திறந்து பாருங்கள். நான் முதலில் மூக்கைத்தான் நம்புகிறேன். கருகிய ரிலேவுக்கும் கசிந்த கெப்பாசிட்டருக்கும் தனித்தனி வாசனை உண்டு. அப்புறம் கண். உள்ளே இருக்கும் சிறிய பவர் சப்ளையின் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருக்கக் கூடாது. வருடக்கணக்கில் சர்வர்களின் சூடான காற்றில் நின்ற பெட்டிகளில் முதலில் சாவது இவைதான். சாக்கெட்டுகளின் உள்முனைகளில் பழுப்பு நிறம் ஏறியிருந்தால் அந்த சாக்கெட்டில் எப்போதோ இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. அதை டேப் ஒட்டி மூடிவிடுவேன்.

எர்த் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. உள்ளே வரும் இணைப்பின் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த்துக்கும், உலோக உடம்புக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைனும் நியூட்ரலும் சேர்ந்து ஒரு பக்கம், எர்த் மறுபக்கம் வைத்து 500 வோல்ட் மெகர் என்ற கருவியில் இன்சுலேஷன் பார்ப்பது இன்னும் நல்லது. மெகர் வீட்டில் இருக்காது, எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டால் செய்துகொடுப்பார். சில பட்டைகளில் சர்ஜ் தடுப்பு எம்.ஓ.வி. லைனிலிருந்து எர்த்துக்குப் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் மெகர் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வைஃபை பிளக் வாங்கச் சொன்ன அதே மனிதர்தான் எனக்கு மெகர் போட்டுக் கொடுத்தார். உள்ளே எர்த் ஒயர் போல்ட் போட்டு முறுக்கியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, “வேலை சுத்தமா இருக்கு சார்” என்றார். அதன் பிறகு அந்தப் பெட்டியை டப்பா என்று சொல்லவில்லை.

அடுத்தது ரிலே. ரிலேவின் வழக்கமான சாவு, தொடுமுனைகள் ஒன்றோடொன்று வெல்டாகி ஒட்டிக்கொள்வது. அப்போது பட்டையின் திரையில் ‘ஆஃப்’ என்று காட்டும், சாக்கெட்டில் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். இதை மல்டிமீட்டரை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கப் போனால் குழப்பம் வரும். அணைந்த சாக்கெட்டிலும் மீட்டர் சில பத்து வோல்ட்டைக் காட்டலாம். தொடுமுனைக்குக் குறுக்கே ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கலாம், பக்கத்து ஒயரிலிருந்து தூண்டப்பட்ட மின்னழுத்தமாகவும் இருக்கலாம். மீட்டரின் உள்தடை மிக அதிகம் என்பதால் அந்தத் துளி மின்சாரமும் பெரிதாகத் தெரிகிறது. இதற்குக் குண்டு பல்புதான் சரியான கருவி. ஒரு சாக்கெட்டில் பல்பை மாட்டி ஆன், ஆஃப், ஆன், ஆஃப். முழுதாக எரிய வேண்டும், முழுதாக அணைய வேண்டும். ஒரே ஒரு முறை தயங்கினாலும் அந்த சாக்கெட் வேண்டாம். பல்பு தேறியபின் ஒரு ரூம் ஹீட்டரைச் சோதனைக்கு மட்டும் மாட்டி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு சாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை. அதற்கு மேல் சூடு இருந்தால் உள்ளே எங்கோ இணைப்பு மோசம்.

இன்னொரு சின்ன சோதனை எனக்குப் பிடித்தமானது. எல்லா சாக்கெட்டும் ஆனில் இருக்கும்போது, எதுவும் மாட்டாமல், பட்டையின் மெயின் பிளக்கைப் பிடுங்குங்கள். கடகடவென்று ரிலேக்கள் விழும் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவை சாதாரண ரிலேக்கள். சுருளில் மின்சாரம் இருக்கும்வரைதான் தொடுமுனை பிடித்து நிற்கும். சத்தமே இல்லாவிட்டால் பெரும்பாலும் லாட்சிங் ரிலே. ஒரு சிறு துடிப்பு கொடுத்தால் நிலை மாறி, அடுத்த துடிப்பு வரும்வரை அப்படியே நிற்கும் ரகம். லாட்சிங் ரகம் நின்றபடியே மின்சாரம் சாப்பிடாது. சாதாரண ரகத்தில் ஒரு சுருளுக்கு அரை வாட்டுக்குப் பக்கம் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். எட்டு சாக்கெட்டும் ஆனில் இருந்தால் அதுவே நான்கு வாட், உள்ளே இருக்கும் கணினியின் செலவு தனி. இருபத்துநான்கு மணி நேரமும் ஓடப்போகும் பொருளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு விளக்குக்காக இதை ஓடவிடுவது வீண்.

சாக்கெட்டுகள் வீட்டு வகையாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினிக்குப் பின்னால் சொருகும் மூன்று முனை ஒயர் இருக்கிறதல்லவா, கணினிப் பக்கம் இருக்கும் அதன் முனையின் வடிவம்தான் இங்கே சாக்கெட். ஐ.இ.சி. 60320 தரத்தில் சி13 என்று பெயர், 10 ஆம்பியர். கொஞ்சம் பெரிதாக, சதுர முனைகளோடு இருந்தால் சி19, 16 ஆம்பியர். சி14 முனையிலிருந்து வீட்டு சாக்கெட்டுக்கு மாறும் குட்டி ஒயர்கள் கிடைக்கும். ஒயரின் தடிமனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாக்கெட் எட்டு இருந்தாலும் பட்டைக்கு உள்ளே வரும் ஒயர் ஒன்றுதான். எட்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் என்றால் மொத்தமே அவ்வளவுதான்.

சரி, உள்ளே நுழைவோம். கழித்துப்போட்ட பட்டையில் பழைய ஐ.பி. முகவரியும் யாருக்கும் ஞாபகமில்லாத பாஸ்வேர்டும் இருக்கும். பெரும்பாலான மாடல்களில் சீரியல் போர்ட் ஒன்று உண்டு, அதுதான் வழி. பரவலாகக் கிடைக்கும் ஏ.பி.சி. நிறுவனத்தின் 7900 வரிசையை எடுத்துக்கொண்டால், அதற்கென்று தனி சீரியல் ஒயர் வேண்டும். பார்க்க டெலிபோன் ஒயர் மாதிரி இருக்கும், பின்கள் வேறு. 9600 வேகத்தில் இணைத்து, முன்பக்கத்தில் உள்ள ரீசெட் பொத்தானை ஊசியால் அழுத்த வேண்டும். விளக்கு ஆரஞ்சும் பச்சையுமாக மாறி மாறிக் கண்சிமிட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் இன்னொரு முறை அழுத்தினால் பாஸ்வேர்டு தற்காலிகமாக ஆரம்ப நிலைக்குப் போகும். அந்த அரை நிமிட அவகாசத்தில் பெயர், பாஸ்வேர்டு இரண்டிலும் நிறுவனத்தின் பெயரையே சிறிய எழுத்தில் அடித்து உள்ளே போய், புது பாஸ்வேர்டு வைத்துவிட வேண்டும். இந்த அழுத்தலில் சாக்கெட்டுகளின் நிலை மாறாது. மேலாண்மைக் கணினி மட்டும் திரும்பத் தொடங்கும், ரிலேக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படி இரண்டையும் பிரித்துவைத்த யோசனையை நான் ரொம்ப மதிக்கிறேன்.

உள்ளே போனதும் பழைய உரிமையாளரின் மிச்சங்களைத் துடைத்துவிடுங்கள். அவுட்லெட் பெயர்களில் அவர்களுடைய சர்வர் பெயர்கள், எச்சரிக்கை அனுப்பவேண்டிய முகவரிகள், மெயில் சர்வர் விவரம் எல்லாம் அப்படியே இருக்கும். தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும் தெரிவு மெனுவிலேயே உண்டு. யாருக்காவது உங்கள் பட்டையைக் கொடுக்கும்போதும் இதைச் செய்யுங்கள்.

வலைப்பக்கத்தை நான் கிட்டத்தட்டத் தொடுவதேயில்லை. நெட்வொர்க் சாதனங்களிடம் நிலை கேட்கவும் கட்டளை சொல்லவும் உள்ள எஸ்.என்.எம்.பி. வழியாகத்தான் எல்லாம். 1990-இல் ஆர்.எஃப்.சி. 1157 என்று வெளிவந்த பழைய நெறிமுறை, யூ.டி.பி. 161-ஆம் போர்ட்டில் பேசும். முதல் பதிப்பில் பாதுகாப்பு என்பதே கிடையாது. ‘கம்யூனிட்டி’ என்று ஒரு சொல்லைப் பாஸ்வேர்டு மாதிரி வைத்துக்கொண்டு, அதையும் வெளிப்படையாகவே ஒயரில் அனுப்பும். ஆனால் எளிமை என்றால் அப்படி ஓர் எளிமை. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு நீண்ட எண் முகவரி. 7900 வரிசையில் 1.3.6.1.4.1.318.1.1.4.4.2.1.3 என்பதன் கடைசியில் ஒரு புள்ளி வைத்து சாக்கெட் எண்ணைச் சேர்த்தால் அந்த சாக்கெட்டின் கைப்பிடி கிடைத்துவிடும். நடுவில் வரும் 318 ஏ.பி.சி. நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட எண். அந்த முகவரியில் 1 என்று எழுதினால் ஆன், 2 என்றால் ஆஃப், 3 என்றால் ரீபூட். அதே முகவரியைப் படித்தால் 1 அல்லது 2 வரும், இப்போதைய நிலை. அவ்வளவுதான். லினக்ஸில் ஒற்றை வரிக் கட்டளை. வீட்டுச் சாதனங்களை ஒரே திரையில் இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் எஸ்.என்.எம்.பி. சுவிட்ச் என்று ஒரு வசதி ஏற்கெனவே உள்ளது. முகவரியையும், ஆனுக்கு 1, ஆஃபுக்கு 2 என்பதையும் எழுதிவிட்டால் எட்டு பொத்தான்கள் திரையில் வந்து நிற்கும்.

இப்போது அந்த எண் 3-க்கு வருவோம். நான் முன்னால் சொன்ன ரவுட்டர் சிக்கலின் விடை அதில்தான் இருக்கிறது.

ரவுட்டர் தொங்கிவிட்டது, அணைத்துப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்ட் முதலில் ‘ஆஃப்’ அனுப்புகிறது, பத்து விநாடி காத்திருக்கிறது, பிறகு ‘ஆன்’ அனுப்புகிறது. வைஃபை பிளக்குகளோடு பழகியவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். ஸ்கிரிப்ட் ஓடும் கணினியும் பட்டையும் அந்த ரவுட்டர் வழியாகத்தான் ஒன்றையொன்று பார்க்கின்றன என்றால், ‘ஆஃப்’ போய்ச் சேரும், ‘ஆன்’ போகாது. ரவுட்டர் கிடக்கும், யாராவது நேரில் போக வேண்டும். ரீபூட் கட்டளை அப்படியில்லை. “இந்த சாக்கெட்டை அணைத்து, இவ்வளவு நேரம் வைத்திருந்து, திரும்பப் போடு” என்ற முழு வேலையையும் பட்டையே பொறுப்பேற்றுக்கொள்கிறது. கட்டளை ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். நடுவில் நெட்வொர்க் செத்தாலும், கட்டளை அனுப்பிய கணினியே செத்தாலும் சாக்கெட் திரும்ப உயிர்பெறும். கட்டளை கொடுத்த கணினி தன்னையே அணைத்துப் போட்டுக்கொள்ளக்கூட இது உதவும்.

அந்த ‘இவ்வளவு நேரம்’ ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனியாக வைக்கலாம். ஆரம்ப அமைப்பில் சில விநாடிகள்தான் இருக்கும். எனக்கு அது போதவில்லை. அடாப்டரில் உள்ள கெப்பாசிட்டர்கள் காலியாக நேரம் எடுக்கும். விளக்கு அணைந்து தெரிந்தாலும் உள்ளே சிப் பாதி உயிரோடு இருந்து, அதே குழப்பத்தோடு திரும்ப எழும். இருபது விநாடி வைத்தால் நிம்மதி.

சர்வர் உலகத்தில் இந்தத் தெளிவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. இரண்டு சர்வர்கள் ஒரே வட்டைப் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டரில், ஒன்று பதில் சொல்லாமல் போனால் அது உண்மையிலேயே செத்துவிட்டதா, அல்லது தாமதமாக எழுந்துவந்து வட்டில் எழுதப்போகிறதா என்று மற்றதற்குத் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் எழுதினால் தரவு நாசம். அதனால் பதில் சொல்லாததன் மின்சாரத்தையே பிடுங்கிவிட்டு, பிடுங்கியாயிற்று என்று உறுதியான பிறகே அடுத்தது பொறுப்பேற்கும். லினக்ஸில் பேஸ்மேக்கர் என்ற கிளஸ்டர் மென்பொருளுக்கு இந்தப் பட்டைகளோடு பேசுவதற்கென்றே தனி நிரல் இருக்கிறது. அந்த வேடிக்கையான முறைக்கு ஸ்டோனித் என்று பெயர். மற்றக் கணினியின் தலையில் சுடு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அவ்வளவு பொறுப்பான வேலைக்குச் செய்த பெட்டி, என் கேமரா ரெக்கார்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.

தானாக ரீபூட் செய்யும் காவல் நிரலை எழுதுகிறீர்களென்றால் அதை அவசரக்காரனாக எழுதாதீர்கள். ஒரே ஒரு முகவரிக்கு பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் செய்தி) அனுப்பி, பதில் வரவில்லை என்றதும் மோடத்தை அணைத்துப் போடும் நிரல் பிரச்சினையைக் கூட்டும். இணையச் சேவை தருபவர் பக்கம் கோளாறு என்றால் நீங்கள் மோடத்தை எத்தனை முறை தட்டி எழுப்பினாலும் பயனில்லை. என் நிரல் முதலில் ரவுட்டரையே கேட்கும், பிறகு வெளியே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சில முகவரிகளைக் கேட்கும். எல்லாமே பல நிமிடம் மௌனமாக இருந்தால்தான் கை வைக்கும். கை வைத்த பிறகு மோடம் முழுதாக எழும்வரை பேசாமலிருக்கும். அதற்குப் பிறகும் தேறாவிட்டால் அடுத்த முயற்சிக்கு இருமடங்கு காத்திருக்கும். சில முறைக்கு மேல் விட்டுவிட்டு எனக்குச் செய்தி எழுதிவைக்கும். இந்த ‘விட்டுவிடுதல்’ இல்லாத காவல் நிரலை யாரும் ஓடவிடக் கூடாது என்பது என் பிடிவாதம்.

மின்தடைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் பட்டையே தீர்மானிக்கும் விஷயம். ஒவ்வொரு சாக்கெட்டும் மின்சாரம் வந்ததும் உடனே எழவா, இத்தனை விநாடி கழித்து எழவா, எழவே வேண்டாமா என்று தனித்தனியாகச் சொல்லிவைக்கலாம். சுவிட்சிங் பவர் சப்ளைகள் எழும் கணத்தில் உள்கெப்பாசிட்டரை நிரப்ப, சில மில்லி விநாடிகளுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எட்டும் சேர்ந்து எழுந்தால் பிரேக்கர் ட்ரிப் ஆகலாம், ரிலே தொடுமுனை ஒட்டவும் செய்யலாம். அதற்குத்தான் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் வழக்கம். எனக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மோடம் முதலில், அது நிமிர்ந்த பின் ரவுட்டர், அப்புறம் கோப்பு சர்வர், கடைசியில் அதை நம்பியிருக்கும் மற்றவை. ரவுட்டர் எழுவதற்கு முன்பே எழுந்து, முகவரி கிடைக்காமல் விழித்துக்கொண்டு நிற்கும் சாதனங்களின் தொல்லை இந்த வரிசையால் ஒழிந்தது.

எதை மாட்டக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆளில்லாத நேரத்தில் தானாக ஓடத் தொடங்கினால் ஆபத்தான எதையும் மாட்டாதீர்கள். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, அறுக்கும் கருவிகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மூச்சுக்கருவி மாதிரி நின்றால் ஆபத்தானவையும் வேண்டாம். மோட்டார், பம்பு, கம்ப்ரசர் ஆகியவற்றுக்கு இந்த ரிலே பொருந்தாது. ரிலேயின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் ஹீட்டர் மாதிரியான நேர்ச்சுமைக்கு. மோட்டார் அணையும்போது தொடுமுனையில் வரும் தீப்பொறி வேறு ரகம். கட்டாயம் வேண்டுமென்றால் பட்டை கான்டாக்டர் என்ற பெரிய ரிலேயின் சுருளை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். ரிலேயின் ஆயுளும் எண்ணிக்கையில்தான். முழுச்சுமையில் ஒரு லட்சம் முறை என்பது இந்த வகை ரிலேக்களுக்கு வழக்கமான கணக்கு. நாளைக்கு ஒரு முறை அணைத்துப் போட்டால் நம் பேரப்பிள்ளைகளையும் தாண்டி ஓடும். வெப்பநிலையைப் பார்த்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிக்கொண்டிருந்தால் எழுபது நாளில் அந்த ஒரு லட்சம் தீர்ந்துவிடும்.

மின்னோட்ட அளவீட்டை நம்பி மின்கணக்குப் போடவும் கூடாது. 7900 வரிசை ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு வரைதான் சொல்லும். 230 வோல்ட்டில் அது 23 வோல்ட்-ஆம்பியர். ஒரு ரவுட்டரை மட்டும் மாட்டினால் பூஜ்யம் என்றே காட்டக்கூடும். ஏதாவது திடீரென்று எகிறினால் எச்சரிக்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

பாதுகாப்பைப் பற்றித் தணிக்கையாளர் சொன்னது உண்மைதான், அதை அலட்சியப்படுத்தவில்லை. இணையத்திலிருந்து இந்தப் பெட்டியைத் தொடும் வழி எதுவும் இருக்கக் கூடாது. என் வீட்டில் பட்டைக்குத் தனி விலேன், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த நெட்வொர்க். அந்த விலேனில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான், கைக்கடக்கமான ஒரு சிங்கிள் போர்டு கணினி. அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் கால். வெளியிலிருந்து வருபவர் அந்தக் கணினியிடம் நவீன முறையில் அடையாளம் காட்டிப் பேச வேண்டும், அது பட்டையிடம் பழைய மொழியில் பேசும். இது மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு ஆள் நின்று பேசுவது போலத்தான், ஆனால் வேலை நடக்கிறது. பட்டையில் டெல்நெட், எஃப்.டி.பி. என்ற பாதுகாப்பில்லாத பழைய வழிகள் இரண்டையும் அணைத்துவிட்டேன். எழுதும் கம்யூனிட்டியின் பெயரை மாற்றி, அந்தக் கணினியின் ஐ.பி.யிலிருந்து மட்டும் ஏற்கும்படி வைத்திருக்கிறேன். இன்னொன்று: சில பழைய பட்டைகளின் ஈதர்நெட் 10 மெகாபிட் மட்டுமே. இன்றைய வேகமான நெட்வொர்க் சுவிட்சுகள் சிலவற்றின் போர்ட் அவ்வளவு கீழே இறங்காது. விளக்கே எரியவில்லை என்றால் பட்டையைக் குறைசொல்லும் முன் ஒரு பழைய சுவிட்சை நடுவே வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது ஒரு பட்டையும் என்னிடம் இருக்கிறது, வேறு தயாரிப்பு, பெயர் வேண்டாம். அதன் மேலாண்மைப் பலகை செத்தேவிட்டது. பவர் சப்ளையில் உப்பியிருந்த கெப்பாசிட்டர்களை 105 டிகிரி ரகத்தில் மாற்றிய பிறகும் மூளை எழவில்லை. ரிலே பலகை மட்டும் நலமாக இருந்தது. அதைக் கூர்ந்து பார்த்தால் கதை எளிது. எட்டு ரிலே, அவற்றின் சுருள்களை இயக்க யூ.எல்.என். 2803 என்ற சிப், அதற்கு உத்தரவு சொல்ல 74 எச்.சி. 595 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப் (வரிசையாக வரும் பிட்டுகளை எட்டு வெளியீடுகளாகப் பிரித்துக் கொடுப்பது). மூளைப் பலகையிலிருந்து ஒரு ரிப்பன் ஒயர் வந்து அதில் முடிகிறது. ரிப்பனைக் கழற்றி, ஈதர்நெட் உள்ள ஈ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கட்டுப்பாட்டுக் கணினிப் பலகை ஒன்றை அதில் கோர்த்தேன். அதற்கான ஈ.எஸ்.பி.ஹோம் மென்பொருளில் இந்த ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்கு ஆதரவு ஏற்கெனவே இருக்கிறது, நான் நிரல் என்று பெரிதாக எதுவும் எழுதவில்லை.

இதில் கவனம் முழுதும் போக வேண்டியது, மின்சாரம் வந்து ஈ.எஸ்.பி. கண்விழிக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு. 595 மின்சாரம் பெற்றதும் அதன் எட்டு வெளியீடுகளும் எந்த நிலையில் இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. ஈ.எஸ்.பி.யின் சில பின்களும் தொடக்கத்தில் தாமாகவே மேலேறி இறங்கும். இரண்டும் சேர்ந்தால் ரிலேக்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். மாட்டியிருக்கும் சாதனங்களுக்கு அதைவிடக் கெட்டது இல்லை. 595-இல் ‘அவுட்புட் எனேபிள்’ என்று ஒரு பின் இருக்கிறது. அதை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றால் மேலே இழுத்துக் கட்டிவிட்டால், யாராவது கீழே இழுக்கும்வரை வெளியீடுகள் துண்டிக்கப்பட்டே இருக்கும். ஈ.எஸ்.பி. எழுந்து, எட்டு பிட்டுகளையும் சரியாக நிரப்பிய பிறகு அந்தப் பின்னைக் கீழே இழுக்கிறது. ஒற்றை ரெசிஸ்டர்தான், ரிலேக்கள் அதன் பிறகு ஒருமுறைகூடக் காரணமில்லாமல் சத்தம் போடவில்லை.

மாற்றும்போது தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. ரிலே பலகையின் நடுவே மெல்லிய பிளவு ஒன்றை வெட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மெயின் மின்சாரம், மறுபக்கம் கை படக்கூடிய 12 வோல்ட். அந்தப் பிளவைத் தாண்டி எந்த ஒயரும் போகக் கூடாது. ஈதர்நெட் ஒயர் வீடு முழுக்க ஓடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். 12 வோல்ட் எடுக்கும் சப்ளை மெயினிலிருந்து முழுதாகப் பிரிந்திருக்கிறதா என்று டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து உறுதி செய்த பிறகே நான் ஈ.எஸ்.பி.க்கு மின்சாரம் எடுத்தேன். இந்த வாக்கியம் உங்களுக்குப் புரியவில்லை என்றால் மூளை உயிரோடு இருக்கும் பட்டையை மட்டும் தேடுங்கள், மூடியைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இந்தப் புது மூளையில் எனக்கு இன்னும் குறையாகத் தெரிவது ரீபூட்தான். ஹோம் அசிஸ்டன்டிலிருந்து ‘ஆஃப்’, பிறகு ‘ஆன்’ என்று அனுப்பினால் பழைய சிக்கலே திரும்ப வரும். அதனால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஈ.எஸ்.பி.க்கு உள்ளேயே ஒரு பொத்தான் வைத்து, அணை, இருபது விநாடி பொறு, போடு என்ற வேலையை அங்கேயே எழுதிவைத்திருக்கிறேன். ரவுட்டர் மாட்டியிருக்கும் சாக்கெட்டுக்குத் திரையில் ஆஃப் பொத்தானே கிடையாது, ரீபூட் மட்டும்தான். அடுத்து, அந்த இருபது விநாடிக்கு நடுவே மின்தடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு மின்சாரம் திரும்பியதும் அந்த சாக்கெட் எதையும் யோசிக்காமல் ஆனில் எழும்படி விட்டிருக்கிறேன்.